கழுத்து தாங்குற மாதிரி ஒரு பைனாகுலர் வேணும்: 10×25 வாங்கலாமா?

செம்போத்து (திருநகர்)

வணக்கம். ரெண்டு வருஷமா இந்தப் பறவை பார்க்கிறவங்க குழுவுல வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

என்கிட்ட ஒரு ஒலிம்பஸ் 8×40 இருக்கு. வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனா எனக்குக் கழுத்தெலும்பு தேய்மானம்னு சொல்லிட்டாங்க. கழுத்துல எதையும் தொங்கவிடாதீங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொன்னதும் அது பீரோவுக்குள்ள போயிருச்சு. காலையில தென்கால் கண்மாய்ப் பக்கம் நடக்கப் போறேன், வெறுங்கண்ணால. நாமக்கோழி, தாழைக்கோழி, கொக்கு. அதுக்கு மேல எல்லாமே "ஏதோ ஒரு பறவை"தான்.

கடையில 10×25ன்னு ஒண்ணு பார்த்தேன். மடக்குனா உள்ளங்கைக்குள்ள அடங்குது, 300 கிராம் கூட இல்ல. 8ஐ விட 10 பெருசாத்தானே காட்டும்? வாங்கிரலாமா? வயசு 52, கண்ணாடி போட்டிருக்கேன்.

கூழைக்கடா

அக்கா, 10 வாங்காதீங்க. 25ம் வாங்காதீங்க. ரெண்டும் ஒண்ணா சேர்ந்ததை வாங்கவே வாங்காதீங்க.

முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்கிறது, ரெண்டாவது முன் லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 25ஐ 10ஆல வகுத்தா 2.5. கண்ணுக்குள்ள வந்து விழுற வெளிச்ச வட்டம் 2.5 மில்லிமீட்டர், அவ்வளவுதான். உங்க பழசுல 40ஐ 8ஆல வகுத்தா 5. விட்டம் பாதி ஆனா பரப்பு கால்வாசி ஆயிரும். நம்பலன்னா பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடிச்சு ஜன்னல் பக்கம் காட்டுங்க. கண் வைக்கிற பக்கம் ரெண்டு வெள்ளைப் பொட்டு தெரியும். அந்தப் பொட்டோட அளவைத்தான் சொல்றேன்.

நான் வச்சிருக்கது நிக்கான் அகுலான் 8×42. 755 கிராம். பத்து வருஷமா என் தொந்தி மேல உக்காந்திருக்கு, ஒரு வலியும் இல்ல.

தவிட்டுக்குருவி (மேலூர்)

அண்ணே, உங்க தொந்தி எல்லாருக்கும் கிடைக்குமா 😄

என்கிட்ட இருக்கது 10×25தான். ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டுட்டு பஸ் ஏறிருவேன். அரிட்டாபட்டி மலையில அதை வச்சே லகர் வல்லூறைப் பார்த்திருக்கேன். உச்சி வெயில், வெள்ளை வானம். இருட்டுன்னு ஒண்ணும் தெரியல. கை ஆடும், அது உண்மைதான்.

இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி ஏமாந்தது தனிக் கதை. "30×60, பகல் இரவு ரெண்டுக்கும்"னு போட்டிருந்தான். லென்ஸ் செவ்வந்திப்பூ கலர்ல தகதகன்னு மின்னுச்சு. அதுல பார்த்தா பனங்காடை கூட அழுக்குப் பச்சையாத் தெரியும். ஸ்கேல் வச்சு அளந்தேன், முன் லென்ஸ் 60 எல்லாம் கிடையாது, பாதி கூட வரல. திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சிவப்பா மின்னுற லென்ஸைக் கண்டா ஓடிருங்கக்கா.

ஆள்காட்டி (நாகமலை)

மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள்? எவ்வளவு தூரத்தில்? கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பீர்களா, போட்டுக்கொண்டேவா?

கூழைக்கடா சொன்ன கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. நம் ஊர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் கண்மணி சுருங்கி 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பைனாகுலர் 5 மில்லிமீட்டர் வெளிச்சம் கொடுத்தாலும் மிச்சம் கண்மணிக்குள் போகாமல் வெளியேதான் விழும். வயது ஏற ஏற, இருட்டிலும் கண்மணி இளவயதில் விரிந்த அளவுக்கு விரியாது. ஆகவே பெரிய லென்ஸின் பலன் விடியலிலும் அந்தியிலும், அழகர்கோயில் மலைபோல நிழலடர்ந்த இடங்களிலும்தான்.

உருப்பெருக்கத்தை விட எனக்குப் பார்வைப் பரப்பு முக்கியம். 8 டிகிரி என்றால் ஆயிரம் மீட்டரில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரியும். சட்டைப்பை 10×25களில் பெரும்பாலும் 5, 6 டிகிரிதான். கருவேல மரத்துக்குள் தாவிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவியை அந்தச் சின்ன ஓட்டைக்குள் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

செம்போத்து

சார், ஆறு மணிக்குக் கிளம்புவேன், எட்டுக்குள்ள வீட்டுக்கு வரணும். வேலை இருக்கு. கண்ணாடியைக் கழற்ற முடியாது, கழற்றினா பறவை எந்த மரத்துல இருக்குன்னே தெரியாது. பழைய ஒலிம்பஸ்ல கண்ணாடியோட பார்த்தா நடுவுல வட்டம் சின்னதாத் தெரியும், ஓரமெல்லாம் கருப்பு. பைனாகுலர்னாலே அப்படித்தான்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன்.

ஆள்காட்டி

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை மடக்கி இருக்கிறீர்களா? கண்ணாடி போட்டவர்கள் அதைக் கீழே இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளியிருந்தால் முழு வட்டமும் தெரியும் என்று ஒரு அளவு உண்டு, 'ஐ ரிலீஃப்' என்பார்கள். அது 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கண்ணாடிக்காரர்களுக்கு நிம்மதி. பெட்டியில் உருப்பெருக்கத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், இதைப் போட மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

வரும் ஞாயிறு சாமநத்தம் கண்மாய்க்கு வாருங்கள். என்னிடம் நிக்கான் மோனார்க் எம்7, 8×30 இருக்கிறது. கூழைக்கடாவும் தவிட்டுக்குருவியும் தங்களுடையதைக் கொண்டு வரட்டும். பீரோவில் இருப்பதையும் எடுத்து வாருங்கள், அதற்கும் ஒரு வழி பார்க்கலாம்.

கூழைக்கடா

டீ வாங்கித் தர்றவங்களுக்குத்தான் என் பைனாகுலர்.

முக்குளிப்பான் (கோச்சடை)

ஞாயிறு கல்யாண வீடு, வர முடியாது. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். எடை மட்டும்தான் கவலைன்னா பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 பாருங்க. 290 கிராம். அரை மீட்டர்ல ஃபோகஸ் ஆகும். என் காலடியில உக்காந்திருக்க தட்டானோட கண்ணை எண்ணலாம் போல இருக்கும். பட்டாம்பூச்சிக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. கண்மாய்க்கு நடுவுல நிக்கிற உள்ளானுக்கு ஆகாது. அதுக்குன்னு இன்னொண்ணு வாங்கணும், அப்புறம் வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

செம்போத்து

போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி அடுக்களைத் தராசுல ஒலிம்பஸை வச்சுப் பார்த்தேன். பெட்டியில 710 கிராம்னு இருக்கு. பட்டை, மூடி எல்லாம் சேர்த்து 800ஐத் தாண்டிருச்சு. முக்கால் கிலோ தக்காளிக்கு மேல கழுத்துல கட்டிட்டு ரெண்டு மணி நேரம் நடந்திருக்கேன்!

ஆறே காலுக்குக் கரையில நின்னோம். சூரியன் வரல, பனி லேசா இருந்துச்சு. தண்ணி ஓரமா கோரைக்குப் பக்கத்துல கருப்பா ஒரு கூட்டம். முதல்ல தம்பியோட 10×25ல பார்த்தேன். கருப்பு, வளைஞ்ச மூக்கு, அவ்வளவுதான். அடுத்தது கூழைக்கடா அண்ணனோட 8×42. அதே பறவை, ஆனா முதுகுல செம்பு கலர் ஓடுது, இறக்கையில பச்சை மினுமினுப்பு. பழுப்பு அரிவாள் மூக்கன்! சாரோட 8×30ல செம்பு தெரிஞ்சுது, பச்சை தெரியல. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்துல கொண்டு வர முடியாது.

சார் ஒண்ணும் பேசல. "இருங்க, ஏழு மணிக்கு மறுபடி பாருங்க"ன்னார். சூரியன் வரப்பு உயரத்துக்கு ஏறினதும் மறுபடி பார்த்தேன். 8×30லயும் பச்சை வந்துருச்சு. ஏழு மணிக்கு மேல அதுக்கும் 8×42க்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. ஆக, 42க்கு நான் குடுக்கிற விலை விடியல்ல ஒரு அரை மணி நேரம். அதுக்காக முக்கால் கிலோ.

10×25ல எனக்குப் பெரிய சிக்கலா இருந்தது இருட்டு இல்ல, அதுல ரெண்டு மடிப்பு. ஒவ்வொரு தடவையும் பாக்கெட்ல இருந்து எடுத்து ரெண்டு பக்கமும் விரிச்சு கண்ணோட இடைவெளிக்குச் சரிபண்ணணும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினா ஒரு பக்கம் இருட்டிரும். நீலச்சிறகி ஒரு கூட்டம் தலைக்கு மேல திரும்பிச்சு, நான் இன்னும் மடிப்பைத்தான் திருகிட்டு இருந்தேன்.

இதுக்கு நடுவுல ஒரு வேடிக்கை. ஆடு மேய்க்கிற ஐயா ஒருத்தர் வந்து, "என்னத்தா, கண்மாயை அளக்க வந்தீகளா?"ன்னு கேட்டார். இல்லைங்கய்யா, பறவை பாக்குறோம்னு சொல்லி 10×25ஐக் குடுத்தோம். கண்ணுல வச்சார், இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினார், "ஒண்ணுந் தெரியலயே"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். 8×30ஐக் குடுத்தோம். வச்ச உடனே, "அந்தா வெள்ளை நாரை, இறக்கையில ரோசாப்பூ கணக்கா"ன்னார். சங்குவளை நாரை! அப்புறம் மெதுவா எதிர்க்கரைக்குத் திருப்பினார். திடீர்னு, "அடேய், கிடா அவன் வயல்ல ஏறிருச்சுடா!"ன்னு பைனாகுலரை என் கையில திணிச்சுட்டு ஓடுனார்.

அந்த ஐயா வாழ்நாள்ல முதல் தடவையா தொட்டிருக்கார். ஒண்ணுல எதுவும் தெரியல, இன்னொண்ணுல வச்ச உடனே நாரையும் தெரியுது, கிடாயும் தெரியுது. எனக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

கூழைக்கடா

பச்சை மினுமினுப்பு எதுல தெரிஞ்சுதுன்னு எழுதினதுக்கு நன்றி. அதை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டப் போறேன்.

ஒண்ணை நானும் ஒத்துக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல எது வச்சிருந்தாலும் ஒண்ணுதான். கண்மாய் மேல கானல் எழும்பிருது. தூரத்துல நிக்கிற நெடுங்கால் உள்ளானுக்குக் கால் நெளியும், மூக்கு நெளியும். 10 மடங்கு பெருசாக்குனா நெளிசலும் 10 மடங்குதான் பெருசாகும். அந்த நேரத்துக்கு டீக்கடை சரி.

தவிட்டுக்குருவி

ஆனா அரிட்டாபட்டிக்கு நான் 10தான் சொல்லுவேன். அங்க பாறை உச்சியில உக்காந்திருக்கது ஷாஹீன் வல்லூறா, லகர் வல்லூறான்னு கீழ இருந்து பார்க்க 8 பத்தாது. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்போ இந்த ரெண்டையும் போனெல்லி கழுகையும் பேர் சொல்லித்தான் அறிவிச்சாங்க. மூணும் உயரத்துலயே சுத்துற சாதி. அண்ணாந்து பார்க்கிறப்போ 300 கிராம்னா கை வலிக்காது. அதனால என் 10×25ஐ விட மாட்டேன்.

அங்க போறவங்க ஊர்க்காரங்ககிட்ட முதல்ல யாரு என்னன்னு சொல்லிட்டுப் போங்க. டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்து 2025 ஜனவரியில ரத்தாகுற வரைக்கும் அந்தச் சனம் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. பைனாகுலரோட மலையையே பார்த்துட்டு நிக்கிறவனைச் சும்மா விட மாட்டாங்க. என்னையே நிறுத்தி விசாரிச்சாங்க. பேசின அப்புறம் மோர் குடுத்தாங்க.

ஆள்காட்டி

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்கு. எடை குறைந்த கருவி இன்னும் கூடுதலாக ஆடும், கனமானது தானாகவே கொஞ்சம் நிலைத்து நிற்கும். முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி ஆட்டம் அடங்கும். பாறையில் சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

ஞாயிறன்று நான் கவனித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நால்வரில் மூவர் வலது கண் வளையத்தைத் தொட்டதே இல்லை. கூழைக்கடா உட்பட. பத்து வருடமாக!

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதற்காகத்தான் அந்த வளையம். ஐம்பது அடி தள்ளி ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலது லென்ஸை முன்பக்கமாகக் கையால் மூடி, இரு கண்ணையும் திறந்தபடியே நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்துத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். செம்போத்து அவர்களின் ஒலிம்பஸில் இதைச் செய்ததும், ரப்பரையும் மடக்கியதும், அவர் சொன்ன வார்த்தை "அட, கடவுளே".

செம்போத்து

உண்மைதான். எட்டு வருஷம் ஒரு கண்ணாலதான் பார்த்திருக்கேன் போல.

கழுத்துக்கு இன்னொரு வழியும் சார் சொன்னார். ரெண்டு தோளுக்கும் மாட்டி முதுகுல குறுக்கா போற பட்டை. எடை கழுத்துல இல்லாம தோள்ல நிக்கும். கடையில விலை கேட்டா மயக்கம் வருது. முன்னாடி புதுமண்டபத்துல தச்சுட்டு இருந்து இப்போ குன்னத்தூர் சத்திரத்துல இருக்கிற தையல்காரர்கிட்ட பழைய ஸ்கூல் பை பட்டை ரெண்டும் வளையமும் குடுத்தேன். "இது என்னம்மா, குதிரைக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே அரை மணியில தச்சுக் குடுத்துட்டார். ஒலிம்பஸை மாட்டி ஒரு மணி நேரம் நடந்தேன். கழுத்து வலிக்கல. ஆனா கையைத் தூக்கிக் கண்ணுல வச்சுப் பிடிக்கிறப்போ தோள்பட்டை வலிக்குது. பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு, மீதி பாதி கையில இருக்கு.

முக்குளிப்பான்

பீரோவுல எதுல போட்டு வச்சிருந்தீங்க? அதோட வந்த உறையிலயேவா? அப்படின்னா ஒரு டார்ச்சை முன் லென்ஸ் வழியா அடிச்சு, கண் வைக்கிற பக்கமா இருந்து உள்ள பாருங்க.

செம்போத்து

பார்த்தேன். இடது பக்கம் ஓரத்துல சிலந்தி வலை மாதிரி மெல்லிசா ஏதோ இருக்கு. துடைச்சா போகல.

முக்குளிப்பான்

பூஞ்சை. உள்பக்கம் பிடிச்சிருக்கு. உறைக்குள்ள ஈரம் நின்னா அப்படித்தான். என்னோடது ஒண்ணு போன மழைக்காலத்துல இப்படித்தான் போச்சு. ஓரத்துல மட்டும்னா இப்போதைக்குப் பார்வையில தெரியாது. பிரிச்சுச் சுத்தம் பண்ண நல்ல ஆள் வேணும், இல்லன்னா ரெண்டு குழாயும் நேர்கோட்டுல நிக்காது, பார்த்தா தலை வலிக்கும். உறையைத் தூக்கிப் போட்டுட்டு, அரிசி டப்பா மாதிரி இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல நாலு சிலிக்கா பொட்டலத்தோட வைங்க. அதைவிட நல்ல மருந்து, தினமும் எடுத்து வெயில்ல நடக்கிறது.

கூழைக்கடா

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நாள் போவமா எல்லாரும்? கூடு கட்டுற சீசன் முடியறதுக்குள்ள. அங்க பறவைங்க கிட்டத்துலயே இருக்கும், எது வச்சிருந்தாலும் சரிதான். அந்த ஊர் கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைங்களுக்காகத் தீபாவளிக்கே வெடி வைக்க மாட்டாங்க. அங்க வந்து இந்த 25, 30, 42 சண்டையைப் போட்டா நம்மளைத்தான் வெளியேத்துவாங்க.

செம்போத்து

வர்றேன் அண்ணே.

சொல்ல மறந்துட்டேன், வாங்கிட்டேன். 8×30தான், சார் வச்சிருக்க அதே மாடல். நினைச்சு வச்ச பணத்தை விட அதிகம்தான், தீபாவளிக்குப் புடவை எடுக்கலன்னு கணக்குல எழுதிக்கிட்டேன். பெட்டியில 465 கிராம்னு போட்டிருக்கு. குறுக்குப் பட்டையில மாட்டினா இருக்கிறதே தெரியல. பழைய ஒலிம்பஸை தவிட்டுக்குருவி தம்பி காலேஜ் பசங்களுக்குக் குடுக்கிறேன், அரிசி டப்பாவோட.

இன்னொண்ணு. ஒரு வாரமா எங்க வீட்டுக் கொடிக்கயித்துல ஒரு தேன்சிட்டு ஏதோ கட்டிட்டு இருக்கு. அடுக்களை ஜன்னல்ல இருந்து மூணு மீட்டர் இருக்கும். ஒலிம்பஸ் நாலு மீட்டருக்குக் கிட்ட ஃபோகஸ் ஆகாது, பக்கத்துல இருக்கிறதைப் பார்க்க நான் ஹாலுக்குப் பின்வாங்கணும். இன்னிக்குக் காலையில புதுசுல ஜன்னல்ல நின்னபடியே பார்த்தேன். அலகுல சிலந்தி நூலைக் கவ்விட்டு வந்து கூட்டைச் சுத்திச் சுத்தி ஒட்டுது. ஒவ்வொரு தடவையும் உள்ள போய் நெஞ்சை வச்சு அமுக்கி இடத்தைப் பெருசாக்குது, கூடு முழுக்க ஆடுது. தொண்டை சாம்பல் வெள்ளை, வயிறு மஞ்சள். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டோட பெண் தானே சார்? ஊதாத் தேன்சிட்டா இருந்தா தொண்டையும் மஞ்சளா இருக்கணும், இல்லையா?

ஆள்காட்டி

அதேதான், ஊதாப்பிட்டு. அந்தக் கொடியில் துணி காயப்போடாதீர்கள்.

செம்போத்து

நேத்தே மாடியில வேற கயிறு கட்டியாச்சு சார்.